பிடிப்பது கரண்ட், விடுவது ஸ்பிரிங்



இரவில் கரண்ட் போகிறது. அலமாரிக்குப் பக்கத்தில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் ஓடத் தொடங்குகின்றன. கரண்ட் திரும்பி வந்ததும் மறுபடி ஒரு 'டக்'. எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுவன், நான்காம் வகுப்புப் படிக்கிறவன், ஒரு நாள் என்னிடம் கேட்டான்: "மாமா, உள்ள உக்காந்து டக்குன்னு தட்டுறது யாரு?"

உண்மையிலேயே உள்ளே ஒன்று தட்டத்தான் செய்கிறது. அதன் பெயர் ரிலே. ஸ்டெபிலைசரிலும் அதுதான், பள்ளிவாசல் மோட்டார் ஸ்டார்ட்டரிலும் அதன் பெரிய அண்ணன்தான். அந்தப் பையனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது என் அம்மாவைப் பற்றியது, பின்னால் வருகிறது.

நான் இன்ஜினியர் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். முப்பது வருடத்துக்கு மேலாகக் காயில் கட்டுகிறேன். ஆகவே கணக்கு குறைவாகவும் கைவேலை கூடுதலாகவும்தான் என் பாடம் இருக்கும்.

முதலில் சுவிட்ச்

ரிலே என்பது ஒரு சுவிட்ச்தான். கை அழுத்துவதற்குப் பதில் கரண்ட்டே அழுத்தும், அவ்வளவுதான். அதனால் சுவிட்சில் ஆரம்பிப்போம்.

இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டால் கரண்ட் போகும், விலகினால் நிற்கும். இதற்கு எதற்கு ஸ்பிரிங்? உங்கள் வீட்டுச் சுவிட்சை மெதுவாக, மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். பாதியில் நிறுத்த முடியாது. ஓர் இடம் தாண்டியதும் அதுவே தாவி மறுபக்கம் விழும். அந்தத் தாவலுக்காகத்தான் ஸ்பிரிங். ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட்டை மெதுவாகப் பிரித்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவே தீப்பொறி நீண்டு நிற்கும். வெல்டிங் பட்டறையில் பார்க்கிறோமே, அதன் குட்டித் தம்பி. அந்தப் பொறி செம்பையும் வெள்ளியையும் தின்றுவிடும். சட்டென்று பிரித்தால் பொறி நீளுவதற்கு முன்பே அறுந்துபோகும். 1884-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் இப்படிச் சட்டென்று பிரியும் விளக்குச் சுவிட்சைச் செய்தார். இன்று நாம் தட்டுகிற சுவிட்சுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

எனவே ஒரு சுவிட்ச் தொளதொளவென்று ஆகி, பாதியில் நின்று, உள்ளே 'ஸ்ஸ்' என்று இரைந்தால், மேல்மூடி சூடாக இருந்தால், அதை அன்றைக்கே மாற்றுங்கள். முப்பது நாற்பது ரூபாய் சாமானுக்காக மெத்தையும் திரைச்சீலையும் இருக்கும் அறையைப் பணயம் வைக்க வேண்டாம்.

இங்கே சோலார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வந்து வந்து போகிறது. பொறி எழுந்தாலும் அடுத்த பூஜ்யத்தில் அணைந்துவிடும். மாடியில் இருக்கும் சோலார் பலகை தருவது டிசி. அதற்குப் பூஜ்யமே கிடையாது. எழுந்த பொறி நின்று எரியும். ஒரு சாதாரண ரிலேயின் முதுகில் அச்சடித்திருப்பதைப் படித்தால் விளங்கும். 10 ஆம்பியர், ஏசியில் 250 வோல்ட் என்று போட்டிருக்கும் அதே ரிலேயில், டிசிக்கு 30 வோல்ட் என்றுதான் இருக்கும். ஆகவே சோலார் லைனில் வீட்டு எம்சிபியை மாட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். டிசிக்கென்றே செய்த சுவிட்ச் தனியாகக் கிடைக்கிறது.

இன்னொன்று, சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டாலும் விளக்கு எரியும், அணையும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் கை வைப்பவருக்கு அங்கே 230 வோல்ட் காத்திருக்கும். பழைய வீடு வாங்குகிறவர்கள், வாடகைக்குப் போகிறவர்கள் ஒரு டெஸ்டர் வைத்து இதை மட்டுமாவது பார்த்துக்கொள்ளுங்கள்: சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது ஹோல்டரின் எந்த முனையிலும் டெஸ்டர் எரியக் கூடாது.

கரண்ட்டே கையாக

இப்போது ரிலே. ஓர் இரும்புத் துண்டின் மேல் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினால் அது காயில். அதில் கரண்ட் விட்டால் இரும்பு காந்தமாகும். நிறுத்தினால் காந்தம் போய்விடும். அதன் எதிரே ஒரு சின்ன இரும்புத் தகடு, அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். காயிலுக்குக் கரண்ட் வந்தால் தகடு காந்தத்தோடு போய் ஒட்டும். அதுதான் முதல் 'டக்'. கரண்ட் நின்றால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அது இரண்டாவது.

தகட்டின் நுனியில் ஒரு பொட்டு இருக்கிறது. அதற்குக் காமன் என்று பெயர். அதற்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டு, அந்தப் பக்கம் ஒரு பொட்டு. காயில் தூங்கும்போது தொட்டுக்கொண்டிருப்பது என்.சி., காயில் விழித்தால் தொடுவது என்.ஓ. இன்வெர்ட்டரில் நடப்பது இதுதான். தெருக் கம்பியில் கரண்ட் இருக்கும்வரை அதுவே காயிலைப் பிடித்து வைத்திருக்கும். வீடு தெருக் கரண்ட்டில் ஓடும். தெருவில் கரண்ட் போனதும் காயில் விட்டுவிடும், தகடு மறுபக்கம் விழும், வீடு பேட்டரிப் பக்கம் மாறும். 'கரண்ட் போய்விட்டது' என்று யாரும் ரிலேக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனதே சேதி.

கடையில் கிடைக்கும் சர்க்கரைக் கட்டி அளவு 12 வோல்ட் ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். காயிலின் தடை ஏறத்தாழ 400 ஓம். அப்படியானால் அது குடிப்பது 30 மில்லி ஆம்பியர்தான். வாட் கணக்கில் அரை வாட்டுக்கும் குறைவு. ஆனால் அதன் பொட்டுகள் 10 ஆம்பியர் தாங்கும், அதாவது 230 வோல்ட்டில் 2,300 வாட். ஒரு துளி கரண்ட் ஒரு வாளி கரண்ட்டைத் திறந்து மூடுகிறது. அதைவிட முக்கியம், அந்தத் துளிக்கும் வாளிக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லை; காந்தம் மட்டும்தான். இந்தக் குணத்தால்தான் ஹவுளில் உயிர் தப்பலாம். அதற்கு வருகிறேன்.

ரிலே என்ற பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய நாளில் நெடுந்தூரம் தபால் கொண்டுபோகிறவர்கள் வழியில் களைத்த குதிரையை விட்டுவிட்டுப் புதுக் குதிரை ஏறுவார்கள். அப்படி மாற்றிக்கொள்ளும் குதிரைகளுக்கு அந்தப் பெயர். நம் வரலாற்றில் கலீஃபாக்களும் பின்னால் மம்லூக் சுல்தான்களும் நடத்திய 'பரீத்' இதே ஏற்பாடுதான். அரபியில் தபாலுக்கு இன்றும் அதுதான் சொல். 1835 வாக்கில் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்ற ஆசிரியர், தூரத்திலிருந்து வரும் பலவீனமான கரண்ட்டால் ஒரு காந்தத்தை இயக்கி, அதன் மூலம் பக்கத்தில் இருக்கும் பெரிய பேட்டரியைத் திறந்து மூடிக் காட்டினார். தந்திக் கம்பியில் நூறு மைல் ஓடிக் களைத்த கரண்ட், அடுத்த நிலையத்தில் ஒரு ரிலேயைத் தட்டும். அங்கிருந்து புதுக் கரண்ட் புறப்படும். குதிரை மாற்றுவது போலவே. 2013 ஜூலையில் நிறுத்தும்வரை நம் நாட்டில் கல்யாணமும் மௌத்தும் இந்தத் தந்தி வழியாகத்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டு கிட்காட்

நம் ஊர்க்காரர்களுக்கு கிட்காட் ஃபியூஸைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெய்வேலிப் பக்கத்துக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்து, அச்சில் அழுத்தி, 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு, வெள்ளை வெளேரென்று அடுக்கி வைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இந்தச் செராமிக் பட்டறைகளில் வேலை செய்யாத ஆள் இல்லாத குடும்பம் நம் தெருவில் குறைவு. ஃபியூஸ் உருகும்போது எழும் பொறி பிளாஸ்டிக்கைக் கரியாக்கும். கரி கரண்ட்டைக் கடத்தும். பீங்கான் கரியாகாது. அதற்காகத்தான் அந்தச் சூளையும் அந்த உழைப்பும்.

ஆனால் பீங்கான் வெறும் வீடு. வேலை செய்வது உள்ளே இருக்கும் மெல்லிய ஈயம் பூசிய செப்புக் கம்பி. 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர், தலைமுடியைவிடக் கொஞ்சம் கனம். 15 ஆம்பியருக்கு அரை மில்லிமீட்டர். அவ்வளவு மெலிதாக இருந்தால்தான் அது முதலில் சாகும், வயர் பிழைக்கும்.

எனக்குப் பதினேழு வயது. எங்கள் வீட்டு கிரைண்டர் லைனில் கிட்காட் ஒரே வாரத்தில் மூன்று முறை போனது. நோன்பு நெருங்கும் சமயம், வீட்டில் மாவு ஆட்டும் வேலை அதிகம். அம்மா சலித்துக்கொண்டார். நானோ கடையில் சேர்ந்து ஆறே மாதம், எல்லாம் தெரிந்தவன். பழைய வயரில் இருந்து நாலைந்து செம்பு இழைகளை முறுக்கி கிட்காட்டில் கட்டினேன். "இனி போகாதும்மா" என்றேன். போகவில்லை.

நடந்தது என்ன என்பது பிறகுதான் புரிந்தது. கிரைண்டர் மோட்டாரின் காயில் ஈரத்தில் பழுதாகி, அவ்வப்போது உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. உடம்பு எர்த்தோடு சேர்ந்திருந்ததால் ஒவ்வொரு முறையும் பெரிய கரண்ட் எர்த்துக்கு ஓடி ஃபியூஸை எரித்தது. எர்த் தன் வேலையைச் செய்தது, ஃபியூஸும் செய்தது. மூன்று முறை சொன்னதை நான் வாயை அடைத்தேன். ஃபியூஸ் உருக மறுத்ததும் பிளக்கில் லேசாக முடுக்கியிருந்த எர்த் கம்பி உருகி விட்டுப்போனது. இப்போது கிரைண்டர் உடம்பில் முழு 230 வோல்ட். போவதற்கு வழியில்லாமல் காத்திருந்தது.

மறுநாள் காலை அம்மா ஈரக் கையோடு மூடியைத் தொட்டார். கை ஒட்டிக்கொண்டது. சத்தம்கூட வரவில்லை. நல்ல வேளை அத்தா வாசலில் இருந்தார். ஓடிப்போய் மெயினை இறக்கினார். அல்லாஹ்வின் கருணை, அம்மா பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்களில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அவர் அதை யாரிடமும் என் பெயர் சொல்லிச் சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன்.

கை ஏன் ஒட்டிக்கொள்கிறது? உடம்பில் 10 மில்லி ஆம்பியர் வாக்கில் ஓடினாலே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 30 தாண்டினால் மூச்சுத் திணறும். இன்னும் ஏறினால் இதயத்தின் தாளம் தவறும். நனைந்த உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் ஓடும். 5 ஆம்பியர் ஃபியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியர். அன்றைக்கு கிட்காட்டில் நான் சரியான கம்பியே போட்டிருந்தாலும், எர்த் விட்டுப்போன அந்த நிமிடத்தில் அது அம்மாவைக் காப்பாற்றியிருக்காது, சூடுகூட ஆகியிருக்காது. ஃபியூஸும் எம்சிபியும் வயரைக் காப்பவை. மனிதரைக் காப்பது வேறு ஒன்று.

ஸ்டார்ட்டரும் பக் மில்லும்

அந்த வேறு ஒன்றுக்குப் போகும் முன் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பார்த்துவிட வேண்டும், அங்கேதான் ரிலேயின் அறிவு நன்றாகத் தெரியும். ஸ்டார்ட்டருக்குள் இருப்பது ரிலேயின் பெரிய அண்ணனான காண்டாக்டர். பச்சைப் பட்டனை அழுத்தினால் காயிலுக்குக் கரண்ட் போய், தகடு ஒட்டி, மோட்டார் ஓடும். விரலை எடுத்த பிறகும் ஓடுகிறதே? காண்டாக்டர் ஒட்டும்போது பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டும் சேர்ந்து ஒட்டுகிறது. அது பச்சைப் பட்டனுக்கு இணையாக நின்று காயிலுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். தன் கையைத் தானே பிடித்துக்கொள்வது போல. சிவப்புப் பட்டன் அந்த வழியை அறுக்கும். அதே வழியில்தான் ஓவர்லோட் ரிலேயும் இருக்கிறது. அதற்குள் இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை. மோட்டார் அதிகம் இழுத்தால் சூடாகி வளைந்து அதுவும் வழியை அறுக்கும்.

கரண்ட் போனால்? காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது, யாராவது பச்சையை அழுத்த வேண்டும். நம் பட்டறைகளில் இதை 'நோவால்ட் காயில்' என்கிறோம். பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். பச்சைப் பட்டனில் தீக்குச்சியைச் செருகி வைக்கிறார்கள், கரண்ட் வந்ததும் தானே ஓடட்டும் என்று. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் காண்டாக்டரின் தகட்டையே ஒரு கட்டையால் அழுத்தி வைத்துவிடுகிறார்கள். அப்போது சிவப்புப் பட்டனும் வேலை செய்யாது, ஓவர்லோடும் வேலை செய்யாது.

பக் மில்லில் வேலை செய்கிற தம்பிகளுக்கு இது புரியும். களிமண் பிசைந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. வாயில் மண் அடைத்திருக்கிறது. கரண்ட்தான் இல்லையே என்று கையை உள்ளே விட்டு மண்ணை எடுக்கிறார். பட்டனில் தீக்குச்சி இருந்தால், அந்த நொடி கரண்ட் திரும்பினால், உள்ளே இருக்கும் கத்தி யாரையும் கேட்டுக்கொண்டு சுற்றாது. ஆகவே உள்ளே கை விடும் முன் மெயினை இறக்குங்கள். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. முதலாளி கோபித்தால் கோபிக்கட்டும்.

மூன்று கிட்காட்டில் ஒன்று போனால் வரும் கோளாறும் இங்கே உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் த்ரீ ஃபேஸ் மோட்டார் நிற்காது, மீதி இரண்டு ஃபேஸில் இழுத்துக்கொண்டு ஓடும். 5 குதிரை மோட்டார் ஒழுங்காக ஓடினால் ஏழரை ஆம்பியர் வாக்கில் எடுக்கும். ஒரு ஃபேஸ் போனால் மீதி இரண்டில் அது 13 வரை ஏறும். ஓவர்லோட் ரிலேயை மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்குச் சரியாகத் திருப்பி வைத்திருந்தால் அது காப்பாற்றும். "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று கடைசி வரை திருப்பி வைத்தால், கருகிய மோட்டார் என் கடைக்கு வரும். எனக்கு வருமானம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

நம் ஜங்ஷனில் சேலம் வண்டிக்கோ திருச்சி வண்டிக்கோ காத்து நிற்கும்போது சிக்னலைக் கவனியுங்கள். அங்கேயும் இதே எண்ணம்தான். 1872-ல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறை: தண்டவாளம் இரண்டிலும் சின்னக் கரண்ட் ஓடி, ஒரு ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். பிடித்திருந்தால் 'வழி காலி' என்று பொருள். ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும், கரண்ட் ரிலேக்குப் போய்ச் சேராது, அது விட்டுவிடும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும், பேட்டரி செத்தாலும், தண்டவாளம் முறிந்தாலும் ரிலே விடும், சிவப்பே விழும். எது கெட்டாலும் ஆபத்தில்லாத பக்கம் விழும்படி அமைத்திருக்கிறார்கள். பிடிப்பதற்குத்தான் கரண்ட் வேண்டும். விடுவதற்கு ஸ்பிரிங்கோ தகட்டின் எடையோ போதும். மனிதர் கை அந்தச் சுற்றில் தவறினால் மட்டும் கதை வேறு. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் உட்பட மூன்று ரயில்கள் சிக்கிய விபத்தில், சிக்னல் சுற்றில் செய்த மாற்றத்தில் நேர்ந்த தவறுதான் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. தீக்குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது மில்லி ஆம்பியர்

இனி மனிதரைக் காக்கும் ரிலே. கடையில் ஆர்சிசிபி என்று கேளுங்கள். பார்ப்பதற்குப் பெரிய எம்சிபி போல இருக்கும், முகத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அந்தப் பட்டன் இல்லாவிட்டால் அது எம்சிபிதான், ஏமாறாதீர்கள்.

அதற்குள் ஒரு காந்த வளையம். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் நடுவே போகின்றன. ஃபேஸில் போனது அத்தனையும் நியூட்ரலில் திரும்பினால் இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; வளையம் சும்மா இருக்கும். போனதில் கொஞ்சம் திரும்பி வரவில்லை என்றால், அது எங்கோ கசிகிறது; ஈரச் சுவர் வழியாகவோ, ஒரு பிள்ளையின் உடம்பு வழியாகவோ. அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றிய மூன்றாவது காயிலில் ஒரு சின்னக் கரண்ட்டை எழுப்பும். அங்கே ஒரு நிரந்தரக் காந்தம் ஒரு குட்டித் தகட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. எழும் கரண்ட் அந்தக் காந்தத்தின் பிடியைத் தளர்த்தும், ஸ்பிரிங் தகட்டை இழுத்துக்கொள்ளும், மெயின் விழும். ஈரக் கையில் 150 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடுமானால் 40 மில்லி செகண்டுக்குள், அதாவது நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள், அறுந்துவிடும். கை ஒட்டிக்கொள்ள நேரமே இல்லை.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். ஒரு 9 வாட் எல்இடி பல்பு குடிப்பதைவிடக் குறைந்த கசிவையே அது கண்டுபிடித்துவிடும். 100, 300 என்றும் விற்கிறார்கள்; அவை தீ விபத்துக்காக, ஆளைக் காக்க அல்ல. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் இது காப்பாற்றாது. அதற்கு நீங்களும் ஒரு பல்பும் ஒன்றுதான். அதிக லோடையும் பார்க்காது. எம்சிபி கூடவே வேண்டும். எர்த்தும் வேண்டும். எர்த் இருந்தால் நீங்கள் தொடுவதற்கு முன்பே, கிரைண்டர் பழுதான நொடியிலேயே ட்ரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால் நீங்கள் தொட்ட பிறகுதான் ஆகும்.

டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். வருடக்கணக்கில் அசையாத ஸ்பிரிங் இறுகிப்போகும். விழவில்லை என்றால் அது அலங்காரப் பொருள், மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலை அம்மாவுடையது. ஒவ்வொரு மாதப் பிறை பார்த்த மறுநாள் அழுத்துகிறார். வேறு யாரையும் விடுவதில்லை.

ஹவுளுக்கு வருகிறேன். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த மிதவைச் சுவிட்ச் போடுகிறோம். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், சுவிட்ச் பிரியும். மிதவையைக் கொண்டு தண்ணீரைத் தானே நிற்க வைக்கும் யோசனை புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர்கள் தங்கள் கருவிகள் நூலிலேயே இப்படித் தானாகத் திறந்து மூடும் வால்வுகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் 230 வோல்ட் இல்லை, நம்மிடம் இருக்கிறது, அதுதான் பயம். பல இடங்களில் மிதவைக்குப் போகும் கம்பியில் நேரடியாக வீட்டுக் கரண்ட்டே ஓடுகிறது. எலி கடித்தோ வெயிலில் வெடித்தோ அந்த உறை திறந்தால், கரண்ட் உளூச் செய்யும் தண்ணீரில் இறங்கும். கால் நனைந்து, கை நனைந்து, சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்.

இதற்குத்தான் அந்தச் சர்க்கரைக் கட்டி ரிலே. மிதவைக்கு 12 வோல்ட் மட்டும் அனுப்புங்கள், நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக. அது ரிலேயின் காயிலைத் தட்டட்டும். ரிலேயின் பொட்டு ஸ்டார்ட்டரின் காயிலைத் தட்டட்டும். தண்ணீர்ப் பக்கம் 12 வோல்ட், மோட்டார் பக்கம் 415 வோல்ட், நடுவே காந்தம் மட்டும். டிசி காயில் என்றால் அதன் குறுக்கே ஒரு டையோடு போட மறக்க வேண்டாம். காயிலை நிறுத்தும்போது எகிறும் வோல்ட்டேஜ் ஓட்டும் ட்ரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். மொத்தச் சாமானும் ஒரு வேளை பிரியாணிக்கு ஆகும் காசுதான். ஐடிஐ படிக்கும் நம் பிள்ளை ஒருவன் இருந்தால் ஒரு மாலையில் கட்டி முடித்துவிடுவான், அவனுக்கும் பாடம்.

ஆர்சிசிபி மாட்டிய புதிதில் அடிக்கடி விழுந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு "அதைக் கழற்றிவிடு" என்று சொல்ல வேண்டாம். வீட்டில் எல்லா எம்சிபியையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பழைய வாட்டர் ஹீட்டரோ, கிரைண்டரோ, மழை நனைந்த வெளி விளக்கோதான் மாட்டும். எல்லா பிளக்கையும் பிடுங்கிய பிறகும் விழுந்தால் வயரிங்கில் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. அதற்கு லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும். சந்தேகம் இருந்தால் அஸருக்குப் பிறகு நான் பள்ளிவாசல் மோட்டார் ரூம் பக்கம்தான் இருப்பேன். பிரித்து வைத்த ஒரு ஸ்டெபிலைசர் ரிலேயும், கருகிப்போன ஒரு கிட்காட்டும் என் பையில் இருக்கின்றன. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.